இரண்டாவது முறை அழைத்த கல்யாணம்

"அக்கா, நீங்க வாரா வாரம் எழுதறீங்களே… மனசு கொழம்பிப் போச்சுன்னா என்னா செய்யணும்னு எப்பவாச்சும் எழுதியிருக்கீங்களா?"

போன வெள்ளிக்கிழமை காலையில் மும்தாஜ் என்னிடம் இப்படிக் கேட்டாள். தன் வீட்டுச் சமையலறையில், உரித்துக் குவித்த பூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

எழுதியிருக்கிறேன். இந்தப் பகுதியிலேயே பல தடவை. அமைதியாக உட்காருங்கள், மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள், நல்லது கெட்டதை எடை போடுங்கள் — படித்துவிட்டு உங்களில் சிலர் நன்றிகூடச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதில் ஒரு வரியைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

மும்தாஜ் எங்கள் பக்கத்து வீடு. பாலக்கோட்டில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவள் கணவர் ரஹீம் பாய் தக்காளி மண்டி வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் கொண்டுவரும் தக்காளியை ஏலம் போட்டு வெளியூர் லாரிகளில் ஏற்றிவிடுவது அவர் தொழில். அவர் ஏலம் கூறினால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். அவர்களுடைய ஒரே மகள் ஷமீமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளை காவேரிப்பட்டணம். ஜவுளிக்கடைக் குடும்பம்.

பந்தல் போட்டாகிவிட்டது. அரிசி வந்து இறங்கிவிட்டது. அப்போதுதான் அது ஆரம்பித்தது.

அது என்றால் எது? சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எங்கோ தூரத்தில், நமக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஊரில், இரண்டு மதத்துக்காரர்களுக்குள் கலவரம் என்று புதன்கிழமை ரேடியோவில் சொன்னார்கள். மறுநாள் காலை எங்கள் பால்காரர் அதைத் தர்மபுரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மத்தியானம் தெருமுனை டெய்லர் அதை ராயக்கோட்டை வரை நகர்த்திவைத்தார். சாயங்காலம் ஊருக்கு மேற்கே கரும்புகையாக எழும்பியது. மாரண்டஅள்ளி ரோட்டில் ஏதோ எரிகிறது என்றார்கள். அவ்வளவுதான்… கடைகள் பாதி ஷட்டரை இறக்கின. பஸ்காரர்கள் கண்ணாடியை உடைப்பார்களோ என்று பயந்து வண்டிகளை நிறுத்திவிட்டார்கள்.

பஸ் ஓடாத பாலக்கோட்டை நீங்கள் பார்த்ததில்லையே? நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஊருக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை மும்தாஜ் வீட்டுக் கூடத்தில் உறவுக்காரர்கள் நிரம்பியிருந்தார்கள். ஆளுக்கொரு யோசனை. கல்யாணத்தை ஒரு மாதம் தள்ளிப்போடு என்றார் ஒருவர். தள்ளிப்போட்டால் மாப்பிள்ளை வீட்டார் மனசு மாறிவிடும், நாலு பேரை வைத்து வீட்டுக்குள்ளேயே ஓதி முடித்துவிடு என்றார் இன்னொருவர். பெண்ணையும் பெண்டுகளையும் வாணியம்பாடிச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பாய் மட்டும் மண்டியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார் மூன்றாமவர். எல்லோரும் அந்தக் குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அதுதான் கஷ்டமே. வேண்டாதவர்கள் சொன்னால் காதில் வாங்காமல் போய்விடலாம்.

ரஹீம் பாய் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். அந்தக் குரல் எங்கே போயிற்றோ… யார் என்ன சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டினார்.

"எல்லாரு சொல்றதும் செரின்னே படுதுக்கா" என்றாள் மும்தாஜ். "ஒருத்தர் சொல்றப்போ அது செரிங்குது மனசு. அடுத்தவரு பேசுனா இது செரிங்குது. ராத்திரிக்கெல்லாம் கண்ண மூடுனா தலைக்குள்ள இவங்க கொரல்தான் கேக்குது. என் கொரலக் காணோம்."

குழப்பத்தை இதைவிடச் சுருக்கமாக நான் எழுதியதில்லை.

அந்த நேரத்தில் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். மாரண்டஅள்ளி ரோட்டில் இருக்கிற கிராமங்களில் ஆட்கள் தடியோடு கூட்டம் கூடுகிறார்களாம். டவுனுக்குள் வரப்போகிறார்களாம். இன்றைக்கே கிளம்பிவிடுவதுதான் புத்திசாலித்தனமாம்.

கூடத்தில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். மும்தாஜ் கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து சமையலறை வாசற்படிக்கு வந்தாள்.

"நீங்க பாத்தீங்களாண்ணா?"

"நா பாக்கல. கேள்விப்பட்டேன்."

"யாரு சொன்னாங்க?"

சைக்கிள் கடையில் பேசிக்கொண்டார்கள் என்றார். சைக்கிள் கடைக்காரர் பார்த்தாரா? தெரியாது. மும்தாஜ் கூடத்தில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். தர்மபுரியில் நடந்ததை யார் பார்த்தது? ராயக்கோட்டையில்? அந்தப் புகையைப் பக்கத்தில் போய் யாராவது பார்த்தார்களா? அவள் குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள். ஒருவரும் பார்க்கவில்லை.

"அந்த ரோட்டுல நம்ம மண்டிக்குத் தக்காளி போடற மாது அண்ணன் வூடு இருக்குது. அவங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வச்சிருக்கோம்" என்றாள். "நா போயி பாத்துட்டு வரேன்."

கூடமே எழுந்து நின்றது. ரஹீம் பாய்க்கு அப்போதுதான் வாய் திறந்தது. பைத்தியமா உனக்கு, போவதென்றால் நான் போகிறேன் என்றார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆம்பளைங்க போனா வம்புக்கு வந்த மாதிரி இருக்கும், கல்யாணத்துக்குக் கூப்பிடப் பொம்பளைங்க போறதுதான் மொறை என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க வரீங்களாக்கா?" என்றாள்.

வாரா வாரம் தைரியத்தைப் பற்றி எழுதுகிற கை சில்லிட்டுப் போயிற்று. ஆனாலும் தலை எப்படியோ ஆடிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் இருக்கிறார், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். சொன்னேன். அவர் எனக்குச் செருப்பை எடுத்து வைக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஜாக்கிரதை என்று மட்டும் சொன்னார்.

மும்தாஜ் வழக்கமான கறுப்பு புர்காவைப் போட்டுக்கொண்டாள். இன்றைக்கு மட்டும் அது இல்லாமல் வரலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"இது இல்லாம போனா மாது அண்ணனுக்கு என்னை அடையாளமே தெரியாதுக்கா" என்றாள்.

நடந்தோம். சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு வண்டிகள்கூட ரோட்டில் இல்லை. ஊர் எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு காடு முழுக்கக் கறுப்பாகக் கிடந்தது. கரும்பு வெட்டிய நிலம். மிச்சமிருந்த தோகையைக் கொளுத்தியிருக்கிறார்கள். ஓரத்தில் இன்னும் லேசாகப் புகைந்துகொண்டிருந்தது. நேற்று சாயங்காலம் ஊரையே கதவடைக்க வைத்த புகை! அறுவடை முடிந்தால் எப்போதும் கொளுத்துகிற தோகை. வருஷா வருஷம் ஊரில் எல்லோரும் பார்க்கிற புகைதான். இந்த வருஷம் அது வேறு எதுவாகவோ தெரிந்திருக்கிறது.

மும்தாஜ் நின்று பார்த்தாள். நடை கொஞ்சம் வேகமானது.

ஆனால் மாது அண்ணனின் ஊருக்குள் நுழைந்ததும் நான் மும்தாஜை ஒட்டி நடக்க ஆரம்பித்தேன். பகலிலேயே கதவுகள் சாத்தியிருந்தன. கோயில் மரத்தடியில் ஆட்கள் நின்றிருந்தார்கள். கையில் தடி. சைக்கிள் கடையில் சொன்னது அப்படியே உண்மை. எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நான் மும்தாஜின் கையைப் பிடித்துக்கொண்டேன். தைரியம் சொல்லப் பிடித்தேனா, தைரியம் வாங்கப் பிடித்தேனா என்று கேட்காதீர்கள்.

கூட்டத்திலிருந்து மாது அண்ணன் வெளியே வந்தார். உயரமான மனிதர். பல வருஷமாக ரஹீம் பாய் மண்டியில்தான் தக்காளி போடுகிறார். கையிலிருந்த தடியை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு எங்களை நோக்கி வேகமாக வந்தார்.

"பாய் நல்லா இருக்கறாருங்களாம்மா?" இதுதான் அவர் முதலில் கேட்டது. "மண்டியக் கொளுத்திட்டாங்கன்னு சொன்னாங்களே…"

மண்டி அப்படியே இருக்கிறது, பாய் வீட்டில் இருக்கிறார் என்று மும்தாஜ் சொன்னாள். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள்… அதைப் பார்த்த பிறகுதான் நான் மும்தாஜின் கையை விட்டேன்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. டவுனிலிருந்து லாரி லாரியாக ஆட்கள் இந்த ஊரை அடிக்க வருகிறார்கள் என்று அவர்களுக்குச் சேதி. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. அதற்குத்தான் தடி. அதற்குத்தான் சாத்திய கதவுகள். நாங்கள் அவர்களுக்குப் பயந்து உட்கார்ந்திருந்த அதே நேரத்தில் அவர்கள் எங்களுக்குப் பயந்து நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் ஓர் எரிந்த கரும்புக் காடு, ஆளில்லாத ரோடு. அவ்வளவுதான்.

மாது அண்ணனின் மனைவி சின்னபாப்பா எங்களை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் மோர் கொடுத்தார். வாசல் ஓரத்தில் கூடை கூடையாகத் தக்காளி. பறித்து வைத்து, கொண்டுபோகப் பயந்து அப்படியே விட்டிருக்கிறார்கள். கீழ்க் கூடைகளிலிருந்து சாறு கசிந்துகொண்டிருந்தது. தெருவில் பாதிப் பேர் கதவுக்கு வெளியே வந்து நின்று எங்களைப் பார்த்தார்கள்.

மும்தாஜ் மோரைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

"ஞாயித்துக்கெழம ஷமீமாவுக்குக் கல்யாணம். பத்திரிகை முன்னமே குடுத்தாச்சு. இப்போ ரெண்டாவது தடவையா கூப்புட வந்திருக்கேன்" என்றாள். "வேற வேல இருந்தா வராதீங்க. நா ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஆனா பயந்துக்கிட்டு மட்டும் வராம இருந்துடாதீங்க."

சின்னபாப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கசிகிற கூடைகளைப் பார்த்தார்.

"எங்களுக்கு என்னாம்மா வேல? தக்காளி அழுகறத பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கறதுதான் வேல. வரோம்."

அந்த ஊரோடு மும்தாஜ் நிற்கவில்லை. மத்தியானம் வரை ரோட்டோரம் பத்திரிகை வைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போனோம். போகப் போக எனக்கே கால் வலி தெரியவில்லை. திரும்பி வரும்போது மாது அண்ணனும் இன்னொருவரும் வீடு வரை கூடவே வந்தார்கள். எங்கள் தெருவில் அவர்களைப் பார்த்ததும் டெய்லர் ஷட்டரை முழுதாகத் தூக்கினார்.

சனிக்கிழமை காலை மாது அண்ணனின் ட்ராக்டர் தக்காளியோடு மண்டிக்கு வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. சுவருக்கு இந்தப் பக்கம் காபி போட்டுக்கொண்டிருந்தேன். தூரத்தில் ரஹீம் பாய் ஏலம் கூறுவது கேட்டது. காபி பொங்கி வழிந்ததைக் கவனிக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் சுகம். ஆனால் மத்தியானம் மண்டி போனுக்குக் காவேரிப்பட்டணத்திலிருந்து ட்ரங்க் கால் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா. பஸ் இன்னும் ஓடவில்லை, பேசி வைத்திருந்த வேன்காரர் வர மாட்டேன் என்கிறார், பெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி வருவது, எங்களுக்கு ஒன்றும் ஓடவில்லை, தள்ளி வைத்துவிடலாமா என்று கேட்டார். கேட்டுக்கொண்டிருந்த ரஹீம் பாய் போனைக் கையால் மூடிக்கொண்டு வீட்டுக்கு ஆள் அனுப்பினார். மும்தாஜ் வந்து வாங்கிப் பேசினாள். அவள் மாப்பிள்ளையின் அம்மாவைக் கூப்பிடச் சொன்னாளாம். முதல் நாள் ரோட்டோர ஊர்களுக்கு நடந்துபோனதை ஒன்று விடாமல் அவரிடம் சொன்னாளாம். நீங்கள் வரத்தான் வேண்டும் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பார்த்ததை மட்டும் சொன்னாள்.  கேட்டு முடித்ததும் அந்த அம்மா, வண்டி மட்டும் கிடைத்தால் நாங்கள் கிளம்பிவிடுகிறோம் என்றாராம்.

மண்டி வாசலில் காலிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்த மாது அண்ணன் இதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

"வண்டிதானுங்களே வேணும்? நம்முது இருக்குதே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ட்ராக்டர்கள் காவேரிப்பட்டணத்துக்குக் கிளம்பின. ட்ரெய்லரைக் கழுவி, ஜமக்காளம் விரித்து, ஓரத்தில் மாவிலை கட்டி அனுப்பினார்கள். எங்கள் வீட்டுக்காரர்தான் மாவிலை பறித்துக் கொடுத்தார்.

பந்தலில் கூட்டம் சேர்ந்தது. சின்னபாப்பா அந்தத் தெருவையே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பிரியாணி ஒரு பக்கம், சைவச் சமையல் ஒரு பக்கம். காஜி வந்து உட்கார்ந்துவிட்டார். ஓதுகிற நேரம் நெருங்கியது. மாப்பிள்ளை வரவில்லை. நேரம் தாண்டியது. அப்போதும் வரவில்லை.

பந்தலுக்குள் மெதுவாக ஒரு முணுமுணுப்பு. ட்ராக்டரை வழியில் மறித்துவிட்டார்களாம்… யாரோ ஆரம்பித்துவிட்டார்கள். பாதி நாளில் நாங்கள் கட்டி எழுப்பிய தைரியமெல்லாம் ஒரு நொடியில் ஆட்டம் கண்டது. ரஹீம் பாய் நெற்றியைத் துடைத்தார். மாது அண்ணன்தான் ட்ராக்டரை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். சின்னபாப்பா பந்தல் ஓரமாகப் போய், ரோடு தெரிகிற இடத்தில் உட்கார்ந்தார். மும்தாஜ் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் காட்சி சாகும்வரை மறக்காது.

முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு தூசி. பிறகு மாவிலைத் தோரணத்தோடு ட்ராக்டர். ட்ரெய்லரில் தலைகீழாகக் கவிழ்த்த தக்காளிப் பெட்டியின் மேல் ஜமக்காளம் விரித்து, முகத்தில் பூச்சரம் தொங்க, ஒரு கையால் பக்கப் பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். பின்னால் அவர் வீட்டுப் பெண்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் ட்ராக்டர்கள்.

வழியில் மறித்தார்களா என்று ரஹீம் பாய் கேட்டார். மறித்தார்கள் என்றார் மாது அண்ணன். ஒவ்வோர் ஊரிலும் மறித்தார்களாம். ட்ராக்டரில் மாப்பிள்ளை போகிறார் என்று தெரிந்ததும் ஜனங்கள் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒரு தடவை முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று நிறுத்தியிருக்கிறார்கள். ஓர் ஊரில் எல்லோருக்கும் காபி கொடுக்காமல் விடவில்லையாம். வரும் வழியெல்லாம் இப்படித்தான்.

"மாப்புள்ள பாவங்க. பூவத் தூக்கித் தூக்கிக் காட்டியே கை வலிச்சிப் போச்சு" என்றார் மாது அண்ணன்.

பந்தலே சிரித்தது. மும்தாஜ் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அப்போதுதான் அழுதாள். சின்னபாப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, மகளுக்குக் கல்யாணம் முடிந்து அனுப்பும்போது அழவேண்டியதையும் சேர்த்து அழுதாள். நிக்காஹ் நடந்தது. சாப்பாட்டுக்குப் பந்தி போதாமல் எங்கள் வீட்டு வாசலிலும் இலை போட்டோம்.

இந்த நான்கைந்து நாளில் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. குழம்புகிறவர்களை நாம் பலவீனமானவர்கள் என்று நினைக்கிறோம். மும்தாஜ் பலவீனமானவள் இல்லை. அவள் குழம்பியதற்குக் காரணம், மற்றவர்களுடைய பயம் முழுவதையும் அவள் தன் தலையில் வாங்கி வைத்துக்கொண்டதுதான். அது உட்கார்ந்து யோசித்தால் இறங்காது. யோசிக்க யோசிக்க இன்னும் கொஞ்சம் ஏறிக்கொள்ளும். அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்ததைப் போய்ப் பார்த்தாள். பயம் போய்விடவில்லை. ஆனால் எந்தப் பக்கம் நடப்பது என்பதில் அவளுக்குக் குழப்பம் இல்லை. எல்லாக் குழப்பத்தையும் நடந்தே தீர்த்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. சில ரோடுகளில் உண்மையிலேயே ஆபத்து இருக்கும். அதையும் போய்ப் பார்த்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

இதுவரை வெளியூரில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால், பாலக்கோடு என்று சொன்னால் தெரியாது என்று நினைத்து, தர்மபுரி பக்கம் என்று சொல்லி முடித்துக்கொள்வேன்.

இந்த ட்ராக்டர் கல்யாணத்துக்குப் பிறகு அப்படிச் சொல்வதாக இல்லை — பாலக்கோடு என்பேன், தெரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.